ஓட்டுகிறவரையும் ஒருமுறை உட்காரவைத்துப் பாருங்கள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமும் பைக் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், அங்கே தொழில் பழகும் தம்பிகளுக்கும் இதை எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். மணிக்கட்டு வலி, தோள் வலி, கழுத்துப் பிடிப்பு, இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. உங்களில் பெரும்பாலோரோடு எனக்குப் பழக்கமில்லை. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களை நன்றாகத் தெரியும். மருந்துக் கம்பெனி ரெப், பால் ஊற்றுகிறவர், சாப்பாடு டெலிவரி செய்யும் பையன்கள், தினமும் 30, 40 கிலோமீட்டர் போய்ப் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும் ஆசிரியர்கள், வட்டி வசூலுக்கும் சீட்டு வசூலுக்கும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்கள். உங்களிடம் வண்டியை விடுகிற இதே ஆட்கள்தான் என்னிடம் உடம்பைக் காட்ட வருகிறார்கள்.

இவர்களில் பலருடைய வலிக்கு வண்டியில் உட்காரும் விதம் ஒரு பெரிய காரணம். இறுகிப்போன தசையைத் தளர்த்திவிடுகிறேன், வீட்டில் செய்யப் பயிற்சி சொல்லித்தருகிறேன், கொஞ்சம் தேறுகிறார்கள். பிறகு அதே வண்டியில் ஏறி, அதே மாதிரி கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போகிறார்கள். சில நாளில் அதே வலி, அதே இடத்தில். "ஹேண்டில் பாரை உங்களுக்கு ஏற்ற மாதிரி வைத்துத் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டால், "அதையெல்லாம் மாத்த முடியுமா?" என்று திருப்பிக் கேட்கிறார்கள். பல வருடமாக ஓட்டும் வண்டியில் லீவரையும் பெடலையும் ஹேண்டிலையும் நகர்த்தலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மனக்குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெனரல் சர்வீசுக்கு வண்டி வந்தால் ஆயில் மாற்றுகிறீர்கள், ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்கிறீர்கள், செயின் தொய்வைச் சரிசெய்கிறீர்கள், பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கிறீர்கள், பிளக்கைத் துடைக்கிறீர்கள். எல்லாம் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று ஓட்டியும் பார்க்கிறீர்கள். அப்படி ஓட்டிப் பார்ப்பது நீங்கள். உங்கள் கைக்கும் காலுக்கும் வண்டி வாகாக இருந்தால் வேலை முடிந்தது என்று சாவியைக் கொடுத்துவிடுகிறீர்கள். அதை எடுத்துப் போகிறவர் உங்களைவிட அரையடி குள்ளமாக இருக்கலாம், கை குட்டையாக இருக்கலாம், தொப்பை பெரிதாக இருக்கலாம், முழங்காலில் பழைய அடி இருக்கலாம். அவரை வண்டியில் உட்காரவைத்துப் பக்கவாட்டில் நின்று ஒரு நிமிடம் பார்த்தவர் யாருமில்லை. ஷோரூமிலும் இல்லை. புது வண்டிக்கு மாலை போட்டு, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, போட்டோ எடுத்துச் சாவி கொடுக்கிறார்கள். கால் தரையில் எட்டுகிறதா என்பதோடு கேள்வி முடிந்துவிடுகிறது.

முன்பு வாடகை சைக்கிள் கடையில் இது நடந்தது. மணிக்கணக்கில் சைக்கிள் எடுக்க வரும் பையனை ஏறி உட்காரச் சொல்லி, கால் எட்டாவிட்டால் கடைக்காரர் ஸ்பேனரை எடுத்து சீட்டை இறக்கிக் கொடுப்பார். உங்களில் மூத்தவர்கள் சிலர் அந்த மாதிரிக் கடைகளில்தான் தொழிலைத் தொடங்கியிருப்பீர்கள். ஒரு மணி நேர வாடகைக்குக் கிடைத்த கவனிப்பு, கடன் வாங்கி எடுத்துப் பத்து வருடம் ஓட்டப்போகிற வண்டிக்குக் கிடைக்காமல் போனதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

"கம்பெனி வச்ச செட்டிங்கைத் தொடக்கூடாதுங்க" என்று உங்களில் சிலர் சொல்வதாக அறிகிறேன். கம்பெனி ஒவ்வொருவருடைய உடம்பையும் தனித்தனியாக அளந்து வண்டி செய்வதில்லை. ஸ்ப்ளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர் என்றால், ஐந்தடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் அதே 785தான். எல்லோருக்கும் ஓரளவு பொருந்துகிற மாதிரி ஒரு நடுநிலையில் வைத்து அனுப்புகிறார்கள். அதிலிருந்து ஆளுக்கு ஏற்ப நகர்த்திக்கொள்ளத்தான் பல வண்டிகளில் பிரேக் பெடலுக்கு ஒரு ஸ்டாப்பர் போல்ட், லீவர்களை ஹேண்டிலில் பிடிக்கும் கிளாம்ப், கியர் லீவர் உட்காரும் பல்வரிசை எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அந்த போல்ட்டுகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ஆலையிலிருந்து வந்த நாள் முதல் யாரும் தொடவில்லை என்று பார்த்தாலே தெரிகிறது.

கையும் காலும் வைக்கும் இடம் எவ்வளவு பெரிய மாற்றத்தைச் செய்யும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டின் இன்டர்செப்டர் 650, கான்டினென்டல் ஜிடி 650 இரண்டும் 2018ல் வந்தவை. இரண்டிலும் அதே 648 சிசி இன்ஜின்தான். முதலாவதில் ஹேண்டில் உயரமாக, அகலமாக இருக்கும், முதுகு நிமிர்ந்திருக்கும். இரண்டாவதில் கிளிப்-ஆன் ஹேண்டில் தாழ்ந்து, ஃபுட் ரெஸ்ட் பின்னுக்குத் தள்ளி இருக்கும், உடம்பு முன்னால் சாயும். இன்ஜினை மாற்றாமல், முக்கியமாகக் கையையும் காலையும் வைக்கும் இடத்தை மாற்றித்தான் இரண்டு வகை ஆட்களுக்கு இரண்டு வண்டி செய்திருக்கிறார்கள்.

உடம்பு வண்டியைத் தொடுவது சீட், ஹேண்டில், ஃபுட் ரெஸ்ட் ஆகிய மூன்று இடங்களில். பாரம் இந்த மூன்றுக்கும் பிரிய வேண்டும். எங்கே அளவுக்கு மீறி விழுகிறதோ அங்கே வலி வரும். ஹேண்டில் தாழ்வாகவோ தொலைவாகவோ இருந்தால் உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கும். உள்ளங்கையின் அடிப்பக்கம், சுண்டு விரலுக்கு நேர் கீழே அழுந்தினால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப்போகும். மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கியே இருந்தால் நடுவில் ஓடும் இன்னொரு நரம்பு அழுந்தி, கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் பக்கம் மரக்கும். வண்டியை நிறுத்திவிட்டுக் கையை உதறிக்கொண்டு வருகிறவரிடம் "எந்த விரல் அண்ணே?" என்று கேளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைக்கும்.

மணிக்கட்டு மடங்குவதற்கு நான் அடிக்கடி பார்க்கும் காரணம் ஹேண்டில்கூட இல்லை, லீவர். கிளட்ச் லீவரும் பிரேக் லீவரும் படுக்கையாக, மேலே தூக்கி நிற்கின்றன. விரலை லீவர் மேல் வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தடவையும் கையைப் பின்னால் வளைத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. சிம்மக்கல்லிலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டு வரை சாயங்கால நெரிசலில் எத்தனை தடவை கிளட்ச் பிடிக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். செய்ய வேண்டியது சின்ன வேலை. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி லீவரைக் கொஞ்சம் கீழே திருப்புங்கள். ஆள் சாதாரணமாக உட்கார்ந்து விரலை நீட்டினால் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை ஒரே நேர்கோடாக இருக்க வேண்டும். அளவுக்கு மீறிக் கீழே திருப்பினால் மணிக்கட்டு எதிர்ப்பக்கம் மடங்கும், அதுவும் வேண்டாம். பல வண்டிகளில் கண்ணாடியும் அதே கிளாம்பில்தான் உட்காருகிறது. லீவரைத் திருப்பியதும் கண்ணாடியைச் சரிசெய்ய மறந்துவிடாதீர்கள்.

கிளட்சின் கடினமும் வலியில் சேர்த்தி. கேபிளுக்குள் தூசி சேர்ந்து, இழை பிரிந்து, இழுக்கவே ஒரு பலம் வேண்டியிருக்கும் வண்டிகளைப் பார்க்கிறேன். "கிளட்ச் கொஞ்சம் டைட்டா இருக்கும், பழகிடும்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். அந்தப் பழக்கம்தான் கட்டை விரல் அடியில் வீக்கமாக என்னிடம் வருகிறது. கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள், தேவைப்பட்டால் மாற்றுங்கள். லீவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தொய்வு என்று பல வண்டிகளின் கையேட்டில் இருக்கிறது, அந்தந்த வண்டிக்கு உரியதைப் பார்த்து வையுங்கள். ஆக்சிலேட்டரிலும் தொய்வு அதிகமானால் மணிக்கட்டு வீணாகக் கூடுதல் தூரம் திரும்ப வேண்டும். கோன் செட் இறுகியிருந்தாலோ தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தாலோ ஹேண்டிலை நேராக வைத்திருக்கவே தோள் இரண்டும் ஓயாமல் உழைக்கும். தோள் வலி என்று வருகிறவரின் வண்டியில் அதையும் ஒருமுறை பாருங்கள்.

ஹேண்டில் பாரைப் பொறுத்தவரை, குழாய் ஹேண்டில் உள்ள வண்டிகளில் கிளாம்பைத் தளர்த்தி முன்னும் பின்னும் சில டிகிரி திருப்ப முடியும். திருப்பும் முன் பழைய இடத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் அங்கேயே திரும்ப வைக்கலாம். முழங்கை லேசாக மடங்கி, தோள் தூக்காமல் தளர்ந்து இருந்தால் சரியான இடம். கை நீட்டி விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு பள்ளத்தின் அதிர்ச்சியும் நேராகக் கழுத்துக்குப் போகும். ஆளின் பக்கம் அதிகமாகத் திருப்பியிருந்தால், ஹேண்டிலை முழுசாக ஒடிக்கும்போது கட்டை விரல் டேங்குக்கும் கிரிப்புக்கும் நடுவில் மாட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இப்போது எனக்குக் கோபம் வரும் இடத்துக்கு வருகிறேன். கீழே விழுந்த வண்டியின் ஹேண்டில் வளைந்திருந்தால் குழாய் செருகி நெம்பியோ சூடுகாட்டியோ நிமிர்த்திக் கொடுக்கும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. நிமிர்ந்த மாதிரி தெரியும், ஆனால் ஒரு பக்கம் ஓர் அங்குலம் பின்தங்கி இருக்கும். அதை ஓட்டுகிறவர் தன்னை அறியாமல் இடுப்பைத் திருக்கி உட்காருகிறார். மாதக்கணக்கில் அப்படி உட்கார்ந்தால் இடுப்பின் ஒரு பக்கத் தசை மட்டும் கல்லாகிவிடும். ஸ்கேன் எடுத்து, மாத்திரை தின்று, கடைசியில் என்னிடம் வருகிறார். வண்டி என்றைக்காவது விழுந்ததா என்று கேட்ட பிறகுதான் விஷயம் தெரிகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, ஒருமுறை வளைத்து நிமிர்த்திய இரும்பு பலவீனமானது, அது ஓடும்போதே முறியக்கூடும். ஹேண்டில் பார் விலை அதிகமில்லை. வளைந்ததை மாற்றச் சொல்லுங்கள், மறுத்தால் அந்த வேலையைச் செய்யாதீர்கள். ஃபோர்க் மட்டும் திருகி ஹேண்டில் கோணலாகத் தெரியும் வண்டிகளும் உண்டு. அதைப் பிரித்தறிய உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபுட் ரெஸ்டிலும் இதே கதை நடக்கிறது. சாதாரண வண்டிகளில் இன்ஜினுக்கு அடியில் ஒரே கம்பியாக மாட்டியிருப்பார்கள், விழுந்தால் ஒரு பக்கம் பின்னால் மடங்கும். ரப்பர் தேய்ந்து இரும்பு தெரியும். செருப்புக் காலோடு ஓட்டும் நம் ஊரில் தேய்ந்த ரப்பர் வழுக்கும், வழுக்காமல் இருக்கக் கால் விரலை ஊன்றி ஊன்றிக் கெண்டைக்காலில் குடைச்சல் வரும். புது ரப்பரின் விலைக்கு ஒரு வேளை சாப்பாடுகூட முழுசாக வராது.

பல வண்டிகளில் ஃபுட் ரெஸ்டையே நகர்த்த முடியாது. ஆனால் அதைச் சுற்றி இருக்கும் பெடலையும் கியர் லீவரையும் நகர்த்த முடியும், பாதி நிவாரணம் அதிலேயே கிடைத்துவிடும். பிரேக் பெடல் உயரமாக இருந்தால் ஓட்டுகிறவர் வலது பாதத்தை எந்நேரமும் தூக்கியே வைத்திருப்பார், முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை கடுக்கும். அசந்து பாதத்தை இறக்கினால் பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடும், லைனர் தேயும், மைலேஜ் குறையும். ஃபுட் ரெஸ்டில் கால் பதிந்திருக்கும்போது முன்பாதம் பெடலுக்குச் சற்று மேலே தானாக நிற்க வேண்டும். டிரம் பிரேக்கில் பெடல் உயரத்தை மாற்றினால் ராடு நட்டைத் திருகித் தொய்வைப் புதிதாக வைத்து, பிரேக் லைட் சுவிட்சையும் சரிசெய்தாக வேண்டும். கியர் லீவரைத் தண்டிலிருந்து கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். கனத்த ஷூ போடுகிற போலீஸ்காரருக்கும் ரப்பர் செருப்பு போடுகிற பால்காரருக்கும் அது ஒரே இடத்தில் இருக்கக் கூடாது.

கால் முன்னால் நீட்டி உட்காரும் அவெஞ்சர் மாதிரி வண்டிகளை "சொகுசு" என்று வாங்கிவிட்டு முதுகு வலியோடு வருகிறவர்கள் உண்டு. ஸ்பீடு பிரேக்கரிலும் பள்ளத்திலும் காலை ஊன்றிப் பிட்டத்தைக் கொஞ்சம் தூக்கினால் அடி முழங்காலோடு நின்றுவிடும். கால் முன்னால் இருந்தால் அப்படித் தூக்க வராது, மொத்த அடியும் முதுகெலும்புக்கு ஏறும். வண்டி எடுக்கும் முன் உங்களிடம் யோசனை கேட்கிறவர்கள் நிறையப் பேர். மைலேஜ், ரீசேல் விலையோடு சேர்த்து, அவர் போகிற ரோடு எப்படி, அவர் உயரத்துக்கு எது பொருந்தும் என்பதையும் சொல்லுங்கள். உங்கள் ஒரு வார்த்தைக்கு விளம்பரத்தைவிட மதிப்பு இருக்கிறது.

ஆன்லைனில் ரைசர் வாங்கிக்கொண்டு வந்து ஹேண்டிலைத் தூக்கித் தரச் சொல்லும் பையன்களிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். ஹேண்டில் உயர்ந்தால் கேபிளும் பிரேக் ஹோஸும் வயரிங்கும் இழுபடும். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஐடிலிங் ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். வளைவில் அந்தப் பையன் கேட்காமலே வண்டி வேகம் எடுக்கும். அப்படி வண்டியை அனுப்பாதீர்கள். சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. நான் கேட்பது அந்த மாதிரி மாற்றத்தை இல்லை. கம்பெனியே நகர்த்துவதற்காகக் கொடுத்த பாகத்தை, கம்பெனி கொடுத்த எல்லைக்குள் நகர்த்துவதைத்தான் கேட்கிறேன்.

பின்னால் உட்காருகிறவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கைப்பிடியும் கால் வைக்க இடமும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. ஒரு பக்கமாக உட்காரும் அம்மாக்கள், கால் தட்டு ஆடினாலோ மடங்கித் தொங்கினாலோ, வழியெல்லாம் ஓட்டுகிறவரின் தோளைப் பிடித்துத் தொங்குவார்கள். இருவர் உடம்பும் சேர்ந்து கெடும்.

நேரம் இல்லை என்று சொல்வீர்கள், நியாயம்தான். வாசலில் ஏழு வண்டி நிற்கும்போது ஒருவரை உட்காரவைத்துக் கையையும் காலையும் பார்ப்பது கஷ்டம். வாடிக்கையாளரும் சாவியை எறிந்துவிட்டு ஓடுகிறவர்தான். அதனால் இலவசமாகச் செய்யச் சொல்லவில்லை. இதற்குத் தனிக் கூலி வாங்குங்கள். பில்லில் தனி வரியாக எழுதுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சாமானுக்குப் பணம் கொடுக்கிற நம் ஆட்கள், கைத்திறமைக்குக் கொடுக்கத் தயங்குவார்கள் என்று நீங்கள் பயப்படலாம். இரவில் கை மரக்காமல் தூங்கிய ஒருவர் அடுத்த தடவை பேரம் பேச மாட்டார் என்று நம்புகிறேன்.

எல்லா வலியும் ஸ்பேனரால் தீரும் என்றும் நான் சொல்லவில்லை. தூக்கத்திலும் விரல் மரத்துக் கிடந்தால், கையில் பிடித்த டம்ளர் நழுவினால், இடுப்பிலிருந்து கால்வரை மின்சாரம் மாதிரி இழுத்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். அதில் தாமதம் கூடாது.

நான் கேட்பது இதைத்தான். அடுத்த ஜெனரல் சர்வீஸிலிருந்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன், எடுத்துப் போகிறவரையே அவர் வழக்கமாகப் போடும் செருப்போடு, சுமக்கும் பையோடு ஏறி உட்காரச் சொல்லுங்கள். ஒரு தம்பி வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும், நீங்கள் பக்கவாட்டில் நின்று மணிக்கட்டையும் முழங்கையையும் வலது பாதத்தையும் பாருங்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், அப்போதுதான் எது உதவியது என்று தெரியும். கடைப் பையன்களுக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள்.

என் பக்கத்திலிருந்து நான் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இனி வண்டியால் வலி என்று எனக்குத் தோன்றும் ஒவ்வொருவரையும், எந்த விரல் மரக்கிறது, எந்தப் பக்கம் இடுப்பு இறுகியிருக்கிறது என்று ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி, அவரவர் வழக்கமாகப் போகும் பட்டறைக்கே அனுப்பப் போகிறேன். கூலி கொடுக்க வேண்டும் என்றும் சொல்லியே அனுப்புவேன். சீட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல் வண்டியில் உட்காரவையுங்கள். நீங்கள் எதை எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று அதே சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தனுப்பினால், அதற்கேற்பப் பயிற்சியை நான் மாற்றிக்கொள்வேன்.